அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி. பொட்டு வைத்துக்கொள்ளலாம், தலை வாரிக்கொள்ளலாம். கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அது காட்டாது. வைத்திக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அந்த வீட்டில்தான் நானும் அக்காவும் பிறந்தோம், வளர்ந்தோம். அப்பா படகு வைத்திருந்தார். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்து, அதற்குள்ளேயே துணி மாற்றிப் பழகியவர்கள் நாங்கள். நான் என் உடம்பை முழுசாகப் பார்த்ததே நாற்பது வயதுக்குப் பிறகுதான் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பார்க்க வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை. எனக்கு வேண்டியதை எல்லாம் அக்கா தைத்துக் கொடுத்துவிடுவாள்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கு வரவில்லை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வெட்டுவதற்கு முன் காகிதத்தில் போடுகிற மாதிரியை அங்கே 'பத்ரோன்' என்பார்கள். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆனபிறகும் என் அக்கா வாயில் அந்த ஒரு சொல் மட்டும் குடியிருந்தது. முன்னறையில் மிதி மெஷினைப் போட்டுக்கொண்டு குப்பத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தாள். அவள் புருஷன் இறந்தபிறகு மகளைப் படிக்க வைத்து நர்ஸ் ஆக்கியதும் அந்த மெஷின்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, 'பொண்ணு கொஞ்சம் புஷ்டி' என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்சம் என்றது அவர்களுடைய பெருந்தன்மை. ஒரு கட்டத்துக்கு மேல் பஜ்ஜி சுடுவதை அக்கா நிறுத்திவிட்டாள். அவளும் அவள் மகளும் நானுமாக அந்த வீட்டிலேயே இருந்துவிட்டோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஜாக்கெட் வெட்டும்போது துணியை இரண்டாக மடித்துப் போடுவார்கள். எல்லா டெய்லரும் அப்படித்தான் செய்வார்கள். மடித்து வெட்டினால் முன்பக்கத்து வலது துண்டும் இடது துண்டும் ஒரே வெட்டில், ஒரே அளவில் வந்துவிடும். ஊருக்கெல்லாம் அக்கா மடித்துத்தான் வெட்டினாள். என் துணியை மட்டும் மடிக்க மாட்டாள். பாயில் முழுசாக விரித்துப் போட்டு, முட்டி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே வெட்டுவாள்.

"எனக்கு மட்டும் ஏன்க்கா விரிச்சுப் போடுற?" என்று கேட்டிருக்கிறேன்.

"உனக்கு ஜாக்கெட்டா தைக்கிறேன்? பாய்மரத்துக்கு இல்ல தைக்கிறேன். மடிச்சா எப்பிடிடீ பத்தும்?" என்பாள்.

கையில் கிடைத்ததை அவள்மேல் எறிவேன். தலையை நிமிர்த்தாமலே சிரிப்பாள். இந்தக் கேலி எங்களுக்குள் வருஷக்கணக்காக ஓடியது.

கடையில் விற்கிற உள்ளாடை என் அளவுக்குக் கிடைக்காது. அதனால் வெள்ளைக் காடாத் துணியில் பாடியும் அவளே தைத்தாள். எதைத் தைத்தாலும் என்னைப் போடச் சொல்லி எதிரே நிற்கவைப்பாள். இரண்டு தோளையும் பிடித்து இழுத்துவிடுவாள். கொஞ்சம் பின்னால் போய் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பிறகு, "நேரா இருக்கு, போ" என்பாள். நானும் போய்விடுவேன்.

நான் வேலை பார்ப்பது நேரு வீதியில் ஒரு புடவைக் கடையில். பட்டுப் பிரிவு. வாங்க வருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்துப் போட்டால் போதாது. என் தோளில் போட்டுக்கொண்டு, கொசுவம் பிடித்து, 'கட்னா இப்பிடித்தாம்மா வரும்' என்று நின்று காட்ட வேண்டும். கடை முழுக்கக் கண்ணாடி. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கண்ணாடிகளில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குண்டாகத் தெரிந்திருக்கிறேன். கோணலாக ஒருநாளும் தெரிந்ததில்லை. அக்கா தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நான் நின்றால், என்னைவிட இளைத்தவளுக்குக்கூட அந்தப் புடவை வாங்கத் தோன்றும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலாளியே சொன்னது.

சர்க்கரை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பிடிபட்டது. எடையைக் குறைக்காவிட்டால் இரண்டு பேரும் சீக்கிரம் போய்ச் சேருவீர்கள் என்கிற மாதிரி டாக்டர் பேசினார். மறுநாள் விடியலிலேயே கடற்கரைச் சாலைக்கு நடக்கக் கிளம்பினோம். அக்காவுக்கு முட்டி வலி. பழைய கலங்கரை விளக்கம் வரைக்கும் வருவாள், அங்கே சுவரில் உட்கார்ந்துவிடுவாள்.

"நீ போயிட்டு வா. நான் கடலு இங்கியே இருக்குதான்னு பாத்துக்கிறேன்" என்பாள்.

நான் சாலையின் அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருப்பாள். திட்டுவேன். எனக்கும் ஒரு வாய் நீட்டுவாள். இப்படியாக நான் இளைத்தேன், அவள் இளைக்கவில்லை. என் ஜாக்கெட்டுகளைப் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். ஒரு பொங்கலுக்கு முன்னால், "இனிமே புடிக்க எடமில்ல. புதுசா வெட்டிடுறேன்" என்று நாலைந்து ஜாக்கெட்டுகளை ஒரே மூச்சில் தைத்தாள். கடைசியாகத் தைத்தது மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. துணி மட்டும் நன்றாக இருக்கிறதே என்று வாங்கியது. அதற்குப் புடவை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதமே அக்கா போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஜாக்கெட் வாங்க வந்த பெண், தூங்குகிறாள் என்று நினைத்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். மெஷின்மேல் தலையைச் சாய்த்தபடி இருந்தாளாம். நான் கடையில் யாருக்கோ முகூர்த்தப் புடவை காட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றுகூட எங்களில் ஒருத்தியிடமும் அவள் சொல்லவில்லை. அவளுடைய எந்த வலியையும் அவள் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் இன்னும் வேகமாக இளைத்தேன். நடையால் இல்லை. சோறு இறங்கவில்லை. கடையில் எல்லாரும் மெச்சினார்கள். "சூப்பரா ஆயிட்டீங்கக்கா, இன்னா டயட்டு?" என்று பக்கத்துப் பிரிவுப் பெண் ஒருநாள் கேட்டாள். "கூடப் பொறந்தவள எரிக்கிற டயட்டு" என்றேன். பாவம், முகம் செத்துப்போய் நகர்ந்துவிட்டாள். அப்போது எனக்கு யார்மேலும் இரக்கம் இல்லை.

அக்கா கடைசியாகத் தைத்த ஜாக்கெட்டுகளை நான் போடவில்லை. எடுத்தால் மெஷின் எண்ணெய் வாசமும் அவள் கை வாசமும் அடித்தது. போட்டுத் துவைத்தால் அது போய்விடும். ஒரு பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் அடியில் வைத்துவிட்டேன். பழசையே கண்டபடி ஊசியால் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்படியே ஓட்டியிருப்பேன். கடையில் சீருடையை மாற்றினார்கள். புதுப் புடவையும் ஜாக்கெட் துணியும் கொடுத்து, முதல் தேதியிலிருந்து எல்லாரும் போட்டுவர வேண்டும் என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக வேறொரு டெய்லரைத் தேடிப் போனேன். கடைக்குப் பின்சந்தில் ஒரு லேடீஸ் டெய்லர். வயசானவர் இல்லை, மரியாதைக்காரர்.

"அளவு ஜாக்கெட் குடுங்கக்கா" என்றார்.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் டெய்லரிடம் டேப்பால் அளக்க விடமாட்டாள். பொருத்தமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுப்பாள். அதை வைத்துப் புதுசை வெட்டுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். இளைத்த உடம்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்தக்கூடியவை பீரோவின் அடியில் வேட்டிக்குள் இருந்தன. அதை ஒரு நாள்கூட வேறொருவர் கையில் விட எனக்கு மனசு வரவில்லை.

"அளவு ஜாக்கெட் இல்ல. எளச்சுட்டேன். டேப்புல எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, புடவைக்கு மேலாகவே, எட்ட நின்று, ஒரு சுற்றளவை எடுத்து எழுதிக்கொண்டார்.

அக்கா தைத்த பாடியெல்லாம் தொளதொளத்துவிட்டதால் கடையில் ஒன்று வாங்கி, அதன்மேல் புதுச் சீருடை போட்ட அன்று காலை, கடைக் கண்ணாடியில் என்னை நானே அடையாளம் தெரியாமல் பார்த்தேன். வலது பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே வழிந்தது. இடது பக்கம் துணி சுருங்கிக் குழி விழுந்து கிடந்தது. கழுத்துக்கூட ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் நேரே பின்சந்துக்குப் போய், "இன்னாய்யா தச்சிருக்க? கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் ஜாக்கெட்டை வாங்கி மடித்துப் பார்த்தார். "தையல் சரியாத்தாங்க்கா இருக்குது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நீங்கதான்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அக்கா மகளின் அறைக் கதவைத் தாழிட்டேன். அவள் சம்பாதிக்க ஆரம்பித்தபிறகு ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ வாங்கியிருந்தாள். அதன் முன்னால் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றேன். வலது மார்பு பெரியதாக, கனமாக, கீழே தொங்கியது. இடது மார்பு அதில் பாதிதான் இருந்தது. தோல் மட்டும் மிச்சமாகச் சரிந்திருந்தது. இது என் உடம்பு இல்லை என்று தோன்றியது. அக்கா போனாள், கூடவே என் உடம்பும் கோணிக்கொண்டு போய்விட்டது என்று அழுதேன். இளைத்ததால் வந்த வினை என்று நினைத்தேன். அவளோடு குண்டாகவே இருந்து செத்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

இடது பக்கத்துக்குக் கைக்குட்டை மடித்து வைக்கப் பழகினேன். இரண்டாக, நாலாக மடித்து, ஊக்குப் போட்டு. வேலைக்குக் கிளம்பும்முன் அதுவே ஒரு பெரிய அலங்காரமாக ஆகிவிட்டது. வலது தோளில் பாடியின் பட்டி அறுத்துப் புண்ணானது. மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துத் தடித்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின கூட்டத்தில், கல்யாணப் பெண் ஒருத்திக்குச் சிவப்புப் பட்டை என் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து கொசுவத்தை எடுத்து நிமிர்ந்தபோது கைக்குட்டை நழுவி இடுப்புக்கு வந்து, புடவை மடிப்போடு விரிப்பில் விழுந்தது. பெண்ணின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாக்காரி அவளைக் கிள்ளினாள். கிள்ளாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சரக்கு அறைக்குப் போய்ப் புடவைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். யாரோ என் பிரிவில் நின்று அந்தப் புடவையை விற்றுமுடித்தார்கள்.

அக்கா மகளிடம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்காமல், அவள் அம்மா பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சித்தி, இதுக்கு ஆபரேஷன் இருக்கு. எளச்சவங்க நெறைய பேரு பண்ணிக்கிறாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்றாள்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு எப்படியோ சேதி போய்விட்டது. "கல்யாணமா காட்சியா, இந்த வயசுல யாரு பாக்கப் போறான்னு வெட்டிக்கிற?" என்று வாசலில் நின்று கேட்டாள். "நான் பாக்கறேன் அத்த, எனக்குக் கண்ணு இருக்குதுல்ல" என்றேன். ஆனாலும் அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. எவ்வளவு யோசித்தும் அவள் பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு பெண். நல்லவேளை. படுக்கச் சொல்லாமல் உட்காரவைத்தே பார்த்தார். உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும் என்றார். எடை ஒரு இடத்தில் நிற்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், கட்டி எதுவும் இல்லை என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் கத்தி என்றார். பிறகு, "எப்போலேர்ந்து இந்த வித்தியாசம்?" என்று கேட்டார்.

"எளச்சதுலேர்ந்து."

"பெரும்பாலும் வயசுக்கு வர்றப்பவே வந்துடும்மா. எளைச்சா வெளிய தெரியும், அவ்வளவுதான். முன்னாடி ஜாக்கெட் தைக்கும்போது தெரிஞ்சிருக்குமே?"

"இல்ல டாக்டர். எல்லா ஜாக்கெட்டும் எனக்கு நேராத்தான் இருந்துச்சு. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

அவர் வாதாடவில்லை. பேனாவால் ஒரு தாளில் வரைந்து காட்டினார். வலது பக்கத்தைக் குறைத்துத் தூக்குவார்கள், இடது பக்கத்தைத் தூக்கி மட்டும் தைப்பார்கள். தழும்பு எப்படி இருக்கும் என்றேன். வட்டம் ஒன்று, அதற்குக் கீழே நேர்கோடு, அடியில் வளைந்த கோடு. "நங்கூரம் மாதிரி" என்றார். எங்கள் அப்பா காலமெல்லாம் ஒரே ஒரு நங்கூரத்தை இழுத்தே இடுப்பு ஒடிந்து போனவர். மகளுக்கு இரண்டு கிடைக்கிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் இல்லை என்பது அடுத்த நொடி ஞாபகம் வந்தது. இப்படி எத்தனை நொடிகள்.

"இன்னொண்ணு சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுபோல வராதும்மா. அக்கா தங்கச்சின்னு பாத்தா தெரியும், அந்த அளவுக்கு வரும்."

நான் அந்த இடத்திலேயே உடைந்துபோய் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

எல்லாம் அவர் சொன்ன வரிசையில் நடந்தது. எடை நின்றது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, படத்தில் கட்டி இல்லை என்று வந்தது. ஆபரேஷன் அன்று காலை என்னை நிற்கவைத்து, நீலப் பேனாவால் கழுத்துக் குழியிலிருந்து கோடுகள் இழுத்தார். ஒரு பக்கம், மறு பக்கம். கொஞ்சம் பின்னால் போய் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 'நேரா இருக்கு, போ' என்று சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். அவர் நர்ஸிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

கண் விழித்தபோது மார்பில் இரண்டு செங்கல்லை ஏற்றிவைத்த மாதிரி இருந்தது. அக்கா மகள் பக்கத்தில் இருந்தாள். ரத்தம் வடிகிற குழாயைப் பார்க்காதே என்றாள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே குளிப்பாட்டிவிட்டாள், அவளே கட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கக் கூடாது என்பதால் தலைகூட அவள்தான் வாரிவிட்டாள். தையல் எல்லாம் ஆறி, இறுக்குகிற உள்ளாடையைக் கழற்றலாம் என்று சொன்ன நாளில் அந்த ஆளுயரக் கண்ணாடி முன் மறுபடி நின்றேன். சமமாக இருந்தது. இரண்டு நங்கூரமும் செக்கச் சிவந்து தெரிந்தது, ஆனால் சமம். தோளில் பாரம் இல்லை, புண் இல்லை. கடைக்குப் போனேன். பின்சந்து டெய்லர், தான் தைத்த சீருடை ஜாக்கெட்டைப் பக்கத்தில் மட்டும் பிடித்துக் கொடுத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் நேராகத் தெரிந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். வீட்டில் காட்டுவதற்கு ஆள் இல்லாத சந்தோஷம்.

அக்காவின் இரண்டாம் வருஷப் படையல் வந்தது. முதல் வருஷம் என்ன செய்தேன், என்ன உடுத்தினேன் என்றே நினைவில்லை. இந்த வருஷம் அவள் தைத்த மயில் கழுத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படைக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகவே கடையில் ஒரு புடவை எடுத்தேன். நாலு நாள் முன்னதாக வேட்டியைப் பிரித்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் ஓரளவு சரியாக இருந்தது. வலது பக்கம் பை மாதிரி தொளதொளத்தது.

இரண்டும் சமமாக இருக்கிற உடம்பில் இது ஏன் இப்படி நிற்கிறது? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கடைசி நாட்களில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, கண் தெரியவில்லை, கை தவறியிருக்கிறது. அதோடு உட்கார்ந்துதான் எனக்குத் தைத்திருக்கிறாள். கூடவே இருந்த நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க இதை நினைத்து மனசு வெந்துபோனது.

மறுநாள் பின்சந்துக்கு எடுத்துப் போனேன். "எங்க அக்கா தச்சது. ஒடம்பு சரியில்லாதப்ப தச்சதுபோல. ஒரு பக்கம் பெருசாயிடுச்சு. அவ தையலு போவாம கொஞ்சம் சரி பண்ணிக் குடு தம்பி" என்றேன்.

அவர் வாங்கி உள்பக்கமாகத் திருப்பினார். விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். டேப்பை எடுத்து அங்கும் இங்கும் வைத்தார்.

"இது தப்பாத் தச்சது இல்லீங்க்கா" என்றார். "வேணும்னே தச்சது. பாருங்க, வலது முன்பக்கத்துக்குத் துணியே பெருசா வெட்டியிருக்காங்க. மார்புக்குப் பிடிக்கிற மடிப்பும் இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் கம்மி. இடது பக்கத்து லைனிங்க்குள்ள பாருங்க, மெல்லிசா ரெண்டு மடிப்பு காடாத் துணி. வெளிய ஒரு பொட்டு தெரியாது. தொட்டாக்கூடத் தெரியாது. மடிச்சுப் போட்டு வெட்னா இப்பிடி வராதுக்கா. துணிய விரிச்சுப் போட்டு, ஒவ்வொண்ணா வெட்டியிருக்காங்க."

நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஜாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு அளவுக்கு இதக் குடுத்திருந்தீங்கன்னா, நானும் இதே மாதிரி தச்சுக் குடுத்திருப்பேன்" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தொழில்காரர் தொழிலைப் பற்றிச் சொன்னார்.

ஒரு பக்கமாகப் பிரித்து இரண்டையும் சமமாக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பழந்துணி மூட்டையை இழுத்துப் போட்டேன். கிழிந்தது, நைந்தது, சாயம் போனது, நான் குண்டாக இருந்தபோது போட்டது, எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பினேன். எல்லாம் அப்படியே. எந்தப் பாடியை எடுத்தாலும் அப்படியே. அக்காவின் டிரங்குப் பெட்டியில், நான் வயசுக்கு வந்தபோது போட்ட பட்டுப்பாவாடையும் அதற்கு அவள் தைத்த ஜாக்கெட்டும் இருந்தன. தையல் வகுப்பில் சேர்ந்து சில மாதத்தில் அவள் தைத்தது. தையல் கோணல்மாணலாக, பிள்ளைத்தனமாக இருந்தது. அதிலும் வலது பக்கம் கொஞ்சம் பெரியது. இடது பக்கம் உள்ளே ஒரு துண்டுத் துணி.

எனக்குப் பதிமூன்று வயது அப்போது. பள்ளியில் யாரோ பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள் என்று ஒரு வாரம் போகாமல் போர்வைக்குள் கிடந்தேன். அப்பா அடித்தும் போகவில்லை. அக்காதான் ஏதேதோ பேசி எழுப்பி அனுப்பினாள். அந்த வருஷம்தான் எனக்கு முதல் ஜாக்கெட் தைத்தாள். அளவெடுக்கும்போது பார்த்திருப்பாள். இன்னொரு குறையும் இருக்கிறது என்று தெரிந்தால் இவள் எழுந்தே வரமாட்டாள் என்று நினைத்திருப்பாள். பதினேழு வயசுப் பெண் அன்றைக்கு முடிவு செய்ததை, மெஷின்மேல் தலையைச் சாய்க்கிறவரைக்கும் காப்பாற்றியிருக்கிறாள். பாய்மரம் என்று கேலி பேசிச் சிரித்ததெல்லாம் அதற்குத்தான். நான் கேட்கக் கூடாது என்பதற்குத்தான்.

டாக்டரிடம் சவால்விட்டேன், என் உடம்பு எனக்குத் தெரியாதா என்று. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா சாகும்போது என் உடம்பு கோணிக்கொள்ளவில்லை. அது பதிமூன்று வயதிலிருந்தே அப்படித்தான் இருந்தது. அவள் இருந்தவரை எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. தோள் வலி போனது, நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆனால் இனி அவள் தைத்த ஒரு ஜாக்கெட்கூட எனக்குச் சேராது. முப்பது வருஷத்துக்கும் மேலாக எந்த உடம்புக்கு அவள் முட்டி போட்டு முட்டி போட்டு வெட்டினாளோ, அந்த உடம்பு இப்போது இல்லை. ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட வேண்டும் அவளிடம். கட்டிக்கொண்டு அழ வேண்டும். இரண்டுக்கும் ஆள் இல்லை.

படையல் அன்று காலையில் மாலை வாங்கி வந்து அவள் படத்துக்குப் போட்டோம். அவளுக்குப் பிடித்த சுறாப்புட்டும் வடையும் செய்தோம். சர்க்கரைக்காரிக்குச் சுண்டலும் வைத்தோம், இனி என்ன ஆகிவிடப் போகிறது. நான் குளித்துவிட்டு அறைக்குள் போய்ப் புதுப் புடவையைக் கட்டுவதற்கு முன்னால், மயில் கழுத்து ஜாக்கெட்டை எடுத்தேன். ஒரு கைக்குட்டையை இரண்டாக, நாலாக மடித்தேன். இந்த முறை வலது பக்கத்தில் வைத்தேன். ஊக்குப் போட்டேன். கொக்கிகளை மாட்டினேன். ஜாக்கெட் எங்கும் சுருக்கம் இல்லாமல், அவள் நினைத்த மாதிரியே உட்கார்ந்தது.

கூடத்துக்கு வந்து படத்துக்கு எதிரே நின்றேன். இரண்டு தோளையும் நானே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நேரா இருக்காக்கா?" என்றேன்.

வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து அக்கா மகள், "எது சித்தி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வட கருவுது, அதப் பாரு" என்றேன்.